தெருவில் படுப்பவர்களுக்கு மறதி முந்தி வருகிறது

சிங்கப்பூரில் முதியவர்களின் நினைவாற்றலைச் சோதிக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு சிறிய சோதனை உண்டு. இது எந்த ஆண்டு, இப்போது மணி என்ன இருக்கும், உங்கள் வயது என்ன, பிறந்த தேதி என்ன, நாம் எங்கே இருக்கிறோம், பிரதமர் யார் என்று அது போகும். இருபதிலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி எண்ணச் சொல்வார்கள். "37, புக்கிட் தீமா ரோடு" என்று ஒரு முகவரியை முதலில் சொல்லிவிட்டு, கடைசியில் அதைத் திருப்பிக் கேட்பார்கள். இவற்றோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: உங்கள் வீட்டு முகவரி என்ன?

வெளியில் உறங்கும் ஒருவரை நான் அழைத்துச் சென்றிருந்தேன். உறவில்லை, அண்ணன் என்று கூப்பிடுவேன். அண்ணன் அந்தக் கேள்வியில் நின்றுவிட்டார். தாதி பொறுமையாக மறுபடியும் கேட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "எந்த வீடு, தங்கச்சி?" என்றார். அவருடைய அடையாள அட்டையில் இருந்தது தம்பி வீட்டு முகவரி. அங்கே அவர் தங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. விவாகரத்துக்குப் பிறகு விற்கப்பட்ட ஈசூன் வீட்டின் முகவரியைத்தான் புளோக், மாடி, கதவு எண் எல்லாம் பிசகாமல் சொன்னார். அது சரியான விடையா, தவறான விடையா? தாதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு விடைத்தாளின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அப்படி யோசித்தவர் கிடைத்தது எங்கள் நல்ல காலம்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. இரவு நேரத்தில் வெளியில் உறங்குபவர்களைப் போய்ப் பார்க்கும் ஒரு தொண்டூழியர் குழுவில் சில ஆண்டுகளாக இருக்கிறேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து ஃபேரர் பார்க் வரையிலான அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்கள், கடைத்தொகுதிகளின் பின்படிகள், சந்தைக் கட்டடங்களின் மேல்மாடிகள் ஆகியவை நாங்கள் நடக்கும் வட்டாரம். நம் ஊரில் இப்படிப் படுப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. விளக்குகள் அணைந்து கடைசி பஸ் போன பிறகு வந்து படுத்து, துப்புரவு ஊழியர்கள் வருவதற்கு முன் எழுந்து போய்விடுவார்கள். 2019இல் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர் நாடு முழுவதும் எண்ணியபோது ஆயிரம் பேர் அளவில் தெரியவந்தனர். 2022 நவம்பரில் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு எண்ணியபோது 530 பேர். குறைந்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் இன்னும் வெளியில் இருப்பவர்களில் வயதானவர்கள் நிறையப் பேர் என்பதை எங்களைப் போல் நடப்பவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அந்த வயதில் மறதிநோய் (டிமென்ஷியா) என்று யாருக்கும் தோன்றாது. அவரை அறிந்தவர்கள் "குடி", "பொறுப்பில்லை", "பிடிவாதம்" என்ற மூன்று காரணங்களையே சொன்னார்கள். எங்கள் குழுவில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற தாதிதான் அவருடைய சட்டைப்பையைக் கவனித்தார். பை நிறையச் சில்லறை. கோப்பி வாங்கினாலும் ரொட்டி வாங்கினாலும் பத்து வெள்ளி நோட்டை நீட்டிவிட்டு, கொடுக்கும் மீதியை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். சில்லறையைக் கூட்டிப் பார்க்கும் திறன் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தார். அதன் பிறகுதான் மற்றவையும் எங்கள் கண்ணில் பட்டன. முன்பெல்லாம் அவர் அட்டைப்பெட்டிகளை ஒழுங்காக மடித்து, ராஃபியா கயிற்றால் கட்டி, ஒரே தூணுக்குப் பின்னால் செருகி வைப்பார். இப்போது எங்கே வைத்தோம் என்று தெரியாமல் புளோக் புளோக்காகத் தேடினார். சொன்ன கதையையே அரை மணி நேரத்தில் அதே சொற்களில் மறுபடியும் சொன்னார்.

வீடில்லாமல் இருப்பதற்கும் மூளை மூப்படைவதற்கும் உள்ள தொடர்பைப் பற்றி வெளிநாடுகளில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் ஐம்பது வயதைத் தாண்டிய 350 வீடற்றவர்களை 2013 முதல் பின்தொடர்ந்த ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. விழுவது, நடக்கச் சிரமப்படுவது, சிறுநீரை அடக்க முடியாமை போன்ற தொல்லைகள் அவர்களைவிட இருபது ஆண்டு மூத்தவர்களுக்கு இருக்கும் அளவுக்கு இருந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு இன்னும் துல்லியமானது. வீடில்லாதவர்களிடையே மறதிநோய் பொதுமக்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 55 முதல் 64 வயதுக்குள் பார்த்தால் ஐந்து மடங்கு. நாம் சந்தேகப்படாத வயதில்தான் இடைவெளி மிக அதிகம் என்பதை அந்தக் கணக்கில் படித்தபோது எனக்கு அண்ணனின் சில்லறைப் பைதான் நினைவுக்கு வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? எனக்குப் புரிந்தவரை முதல் காரணம் தூக்கம். கீழ்த்தளத்தில் விளக்கு விடியவிடிய எரியும். பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டுதான் படுக்க வேண்டும். யாராவது இழுத்தால் விழிப்பு வர வேண்டுமே. அண்ணன் ஒரு நாளும் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கியதில்லை என்று சொன்னார். ஐம்பது, அறுபது வயதுகளில் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு கூடுதல் என்று பிரிட்டனில் ஏறக்குறைய எட்டாயிரம் பேரை 25 ஆண்டுகள் கவனித்த ஆய்வு காட்டியது. அவர்கள் எல்லாரும் கட்டிலில் படுத்த அரசாங்க ஊழியர்கள்.

அடுத்தது தலையில் படும் அடி. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, வீடில்லாதவர்களில் பாதிப்பேருக்கு மேல் வாழ்நாளில் ஒரு முறையாவது மூளைக் காயம் அடைந்தவர்கள் என்கிறது. ஈரமான கழிப்பறைத் தரை, இருட்டுப் படிக்கட்டு, சண்டை, குடித்துவிட்டு விழுவது என்று அதற்கு வழிகள் பல. கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தமும் நீரிழிவும் மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சத்தமில்லாமல் அடைக்கின்றன. மனச்சோர்வு, பேச்சுத்துணை இல்லாமை, காது கேளாமை, கண்ணாடி உடைந்து பார்வை மங்குவது, புகை ஆகியவை அத்தனையும் மறதிநோய்க்கு வழிவகுக்கும் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட பதினான்கின் பட்டியலில் இருக்கின்றன. தெருவில் படுப்பவருக்கு அவற்றில் பாதி ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

மறதி வந்ததால் தெருவுக்கு வந்தாரா, தெருவுக்கு வந்ததால் மறதி வந்ததா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அண்ணன் ஒரு கூட்டுரிமை வீட்டில் இரவுக் காவலராக இருந்தவர். சுற்றிவரும்போது ஒவ்வொரு இடத்திலும் பதிவு செய்ய வேண்டியதை மறந்து மறந்து வேலை போனது. வேலை போனதும் வாடகை அறை போனது. அறை போனதும் மாத்திரை நின்றது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று இழுத்தன. ஓக்லண்ட் ஆய்விலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் முதன்முதலாக வீட்டை இழந்தவர்கள். வாழ்நாளெல்லாம் உழைத்துவிட்டுப் பிற்பாதியில் சறுக்கியவர்கள் அவர்கள்.

இதில் என்னை மிகவும் வருத்தும் இடம், உதவி பெறும் வழியே நினைவாற்றலைக் கேட்கிறது என்பதுதான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்க வருமானச் சான்று, மத்திய சேம நிதி அறிக்கை, விவாகரத்து ஆவணம் எல்லாம் வேண்டும். அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல் வேண்டும். கைப்பேசி மின்னேற்றத்தோடு இருக்க வேண்டும். கடிதங்களோ அடையாள அட்டையில் இருக்கும் முகவரிக்குப் போகும். அண்ணன் ஓர் அலுவலகத்தில் இரண்டு சந்திப்புகளுக்குப் போகவில்லை. கோப்பில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதப்பட்டது. அந்தச் சொல்லை நான் அதன் பிறகு வேறு பலருடைய கோப்புகளிலும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருவர் சந்திப்பை மறந்தால், ஏன் மறந்தார் என்று யாராவது கேட்க வேண்டும். இதுதான் இத்தனை காலத்தில் நான் உறுதியாக நம்பும் ஒன்று.

மருத்துவரிடம் போவதற்குள்ளேயே பாதி வேலை இருக்கிறது. "நினைவு சரியில்லை, வாருங்கள்" என்று அழைத்தால் யாரும் வரமாட்டார்கள். தங்களைப் பிடித்துக் கொண்டுபோய் ஏதாவது ஓர் இல்லத்தில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு நிறைய இருக்கிறது. அதனாலேயே மறதியை மறைக்கிறார்கள். நாங்கள் இரத்த அழுத்தம் பார்க்கலாம், கண் பார்க்கலாம் என்று தொடங்கினோம். அது பொய்யும் இல்லை, இரண்டையும் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. சந்திப்பைக் காலையில் வாங்கினோம். முதல் நாள் இரவு அவரை ஒரு தங்குமிடத்தில் படுக்க வைத்தோம். சில வழிபாட்டு இடங்களும் தொண்டு அமைப்புகளும் அப்படி இரவில் இடம் தருகின்றன. தூங்காத மனிதரைச் சோதித்தால் யாருக்கும் மதிப்பெண் குறையும். உடைந்த கண்ணாடியை மாற்றினோம். கேள்விகளைத் தமிழில் கேட்கச் சொன்னோம். எத்தனை வகுப்பு படித்தவர் என்பதை முதலிலேயே தெரிவித்தோம். அதைப் பொறுத்து மதிப்பெண்ணைப் பார்க்கும் விதம் மாறும்.

ஒரு தாளில் நான் எழுதிக்கொண்டு போனது மிகவும் உதவியது. எப்போது தொடங்கியது, என்னென்ன மாறியிருக்கிறது, எத்தனை முறை விழுந்தார், என்ன குடிக்கிறார், என்ன மாத்திரை, எவ்வளவு தூக்கம் என்று ஒரே பக்கம். "மறதியாக இருக்கிறார்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மருத்துவருக்குப் பிடி கிடைக்காது. "கோப்பிக்குப் பத்து வெள்ளி கொடுத்துவிட்டு மீதியை எண்ணுவதில்லை" என்றால் உடனே நிமிர்ந்து உட்கார்கிறார்.

எல்லா மறதியும் திரும்பாத மறதி அல்ல. இதைத் தெருவில் இருப்பவர்களைப் பார்க்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தலையில் லேசாக அடிபட்டு, வாரக்கணக்கில் கழித்து மூளையைச் சுற்றி இரத்தம் கட்டித் தடுமாற்றம் வருவதும் உண்டு, முக்கியமாகக் குடிப்பவர்களுக்கு. நேற்று நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால் அது முதுமை அல்ல. தொற்றோ பக்கவாதமோ சர்க்கரை இறக்கமோ இருக்கலாம். அப்போது ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழைக்க வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது. நெடுநாள் குடிப்பவர்களுக்குப் பி1 சத்துக் குறைந்து மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அதற்காக அவர்களை ஒரே நாளில் குடியை நிறுத்தச் சொல்வதும் ஆபத்து, வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

அண்ணனுக்குப் பி12 மிகக் குறைவாக இருந்தது. நீரிழிவுக்குப் பல ஆண்டுகள் அவர் சாப்பிட்ட மெட்ஃபார்மின் அதைக் குறைக்கக்கூடியது. சாப்பாடும் ரொட்டி, கோப்பி, கோயில் அன்னதானம் என்றுதான் ஓடியது. அன்னதானத்தைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பலர் பட்டினி. குருத்வாராக்களிலும் யார் போனாலும் சாப்பாடு உண்டு. ஆனால் பி12 மாமிசத்திலும் மீனிலும் முட்டையிலும் பாலிலும்தான் கிடைக்கிறது என்பதால் நாங்கள் இப்போது கொடுக்கும் பொட்டலத்தில் அவித்த முட்டை வைக்கிறோம். ஊசி போட்ட பிறகு அவருடைய சோர்வும் தடுமாற்றமும் ஓரளவு குறைந்தன. ஸ்கேனில் தெரிந்த பழைய சிறு பக்கவாதங்களின் தடங்களை எந்த ஊசியும் மாற்றப்போவதில்லை. இரத்தக்குழாய் சார்ந்த மறதிநோய், தொடக்க நிலை என்றார்கள். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் மேலும் சரிவதைத் தாமதப்படுத்தலாம்.

அந்த அறிக்கைதான் கதவுகளைத் திறந்தது. "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதப்பட்ட அதே கோப்பில் மருத்துவரின் கடிதம் சேர்ந்ததும் எல்லாருடைய தொனியும் மாறியது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் குடும்பச் சேவை நிலையத்தோடு பேசினார். கடிதங்களுக்கு வேறு முகவரி ஏற்பாடு செய்தார்கள். மருத்துவச் செலவில் சலுகை தரும் சாஸ் அட்டையிலும் ஒரு சிக்கல் இருந்தது: அடையாள அட்டையில் தம்பி வீட்டு முகவரி இருந்ததால் அந்தக் குடும்பத்தின் வருமானமும் கணக்கில் வந்துகொண்டிருந்தது. இப்படிச் சொந்தக்காரர் முகவரியில் பதிவாகியிருப்பவர்களை அறிந்தவர்கள், இதைச் சமூகப் பணியாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தம்பியைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். "குடித்துவிட்டு வந்து என் பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிடுகிறார் என்றுதான் அக்கா நாங்கள் போகச் சொன்னோம்" என்றார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வந்து பார்த்தார். அண்ணனை வீட்டுக்கு அழைத்துப்போக அவரால் முடியவில்லை. மூவறை வீட்டில் ஆறு பேர். ஆனால் அண்ணனுக்கு முடிவெடுக்கும் தெளிவு இருக்கும்போதே, பிற்காலத்தில் பணத்தையும் மருத்துவத்தையும் தம்பி பார்த்துக்கொள்ளும்படி அண்ணன் சட்டப்படியான அதிகாரப் பத்திரம் எழுத இருவரும் ஒப்புக்கொண்டார்கள். தெளிவு போன பிறகு அதை எழுத முடியாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே நோய் உறுதியானவுடன் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாடகை வீடு கிடைத்தது. தனி ஆட்கள் இருவர் சேர்ந்து எடுக்கும் திட்டம் அது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஓரறை வீட்டின் வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. சாவி கிடைத்ததும் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுவார்கள். எங்கள் அனுபவத்தில் முதல் சில வாரங்களே மிகக் கடினமானவை. அண்ணன் மெத்தையில் படுக்காமல் வாசல் பக்கம் தரையில் விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தார். பை வார் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. எல்லா மாடியும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே நிறம். வேறு மாடியில் இறங்கி வேறொருவர் கதவில் சாவியைப் போட்டுத் திருகியிருக்கிறார். கெபுன் பாரு வட்டாரத்தில் மறதிநோய் உள்ளவர்கள் வழி கண்டுபிடிக்கப் புளோக் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். அது எல்லாப் பேட்டைக்கும் வர வேண்டும். நாங்கள் செய்தது சிறியது: இரும்புக் கதவில் மாவிலைத் தோரணம், பக்கத்தில் சிவப்புத் துணி. தோரணத்தைப் பார்த்தால் அவர் நின்றுவிடுவார்.

அடுப்பை எடுத்துவிட்டுத் தானாக அணையும் மின்கெண்டி வைத்தோம். மாத்திரைகளைக் காலை, இரவு என்று நாள்வாரியாகப் பிரித்த பெட்டியில் வைத்தோம். பெரிய எழுத்தில் கிழமையும் தேதியும் காட்டும் கடிகாரம் சுவரில் மாட்டினோம். கழுத்தில் ஒரு சிறு பையில் பெயர், புதிய முகவரி, தம்பியின் எண், நோயின் பெயர். உடன் தங்கும் சீனப் பெரியவரிடம் மலாய் தெரிந்த ஒருவரை வைத்து அண்ணனின் நிலையை, அவருடைய அனுமதியோடு, விளக்கினோம். தெரிந்தால் சண்டை பாதியாகக் குறைகிறது. ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரத்தில் போய்ப் பார்க்கிறோம். ஆள் மாறி மாறிப் போனால் ஒவ்வொரு முறையும் அவர் அந்நியரைச் சந்திக்கிறார்.

இரவில் தொடர்ந்து தூங்கத் தொடங்கிய பிறகு அவர் கதை சொல்வதில் மாற்றம் தெரிந்தது. இப்போதும் திருப்பிச் சொல்கிறார், ஆனால் நடுவில் நிறுத்தி, "இதை உங்களிடம் சொல்லிவிட்டேனா?" என்று கேட்கிறார்.

கீழ்த்தளத்தில் முதியவர்களுக்காக இருக்கும் துடிப்பாக மூப்படைதல் நிலையத்தில் அவரைச் சேர்க்கப் போனபோது அறுபது வயது நிறைந்தவர்களுக்குத்தான் என்றார்கள். அங்கிருந்த பெண் அன்பானவர், விதியைத்தான் சொன்னார். பிறகு கேட்டுப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். தெருவில் வாழ்ந்தவர்களின் உடலும் மூளையும் இருபது ஆண்டு முந்திப் போய்விடுகின்றன என்று தெரிந்த பிறகும் அடையாள அட்டையில் உள்ள வயதை வைத்து வாசலில் நிறுத்துவது நியாயமில்லை. வெளியில் உறங்கியவர்களுக்கு இந்த வயது வரம்பை ஐம்பதாகக் குறைக்க வேண்டும். தங்குமிடங்களில் புதிதாக வரும் ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒவ்வொருவருக்கும் நினைவாற்றலையும் பார்க்க வேண்டும். இதை நான் சந்திக்கும் அதிகாரிகளிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

உங்கள் புளோக்கின் கீழே யாராவது படுத்திருப்பதைப் பார்த்தால் அரசாங்கத்தின் சமூக உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000ஐ அழைக்கலாம். மறதி பற்றி ஆலோசனை வேண்டுமானால் டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் எண் 6377 0700. முதியோர் பராமரிப்புச் சேவைகளுக்கு 1800-650-6060. அழைக்கும்போது அவர் எங்கே படுக்கிறார், எத்தனை மணிக்கு வருகிறார், நீங்கள் கண்ணால் கண்ட மாற்றம் என்ன என்ற மூன்றையும் சொல்லுங்கள். அவரிடம் முதலில் பேசிவிட்டு அழைப்பது இன்னும் நல்லது. பெயரைக் கேளுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள். மறுநாளும் அதே நேரத்தில் போய் அதே கேள்விகளைக் கேளுங்கள். உங்களை அடையாளம் தெரிகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.